மிதித்தும் ஓடாத பழைய ரேசிங் சைக்கிள்: கோளாறு எங்கே?

கேள்வி இதுதான். மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் இருந்து ஒரு தம்பி கேட்கிறார். 80களில் வந்த ஜப்பான் ரேசிங் சைக்கிள், இரும்பு ஃபிரேம், 12 கியர், 27 அங்குலச் சக்கரம். பல வருடம் ஒரு வீட்டுப் பின்கட்டில் கிடந்ததை வாங்கி, துடைத்து, எண்ணெய் போட்டு ஓட்டுகிறார். மிதிக்க மிதிக்க யாரோ பின்னால் பிடித்து இழுப்பது மாதிரி இருக்கிறதாம். கூட வரும் நண்பரின் புது வண்டி சும்மா பறக்கிறது. ஒருவர் "பேரிங் மாத்து" என்கிறார், இன்னொருவர் "இரும்பு செத்துப் போச்சு" என்கிறார். எதை முதலில் பார்ப்பது?

தம்பி, இரும்பு சாகாது. துருப்பிடிக்கும், இணைப்பில் கீறல் விடும், மோதினால் வளையும். ஆனால் 40 வருடம் ஓடிய காரணத்துக்காக எஃகுக் குழாய் தளர்ந்து தொளதொளத்துப் போவதில்லை. அன்றைக்கு இருந்த விறைப்பு இன்றும் அப்படியே இருக்கும். பேரிங் மேல் பழி போடுவதையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். எனக்கு முதல் சந்தேகம் டயர் மேல், அடுத்தது பிரேக், அதற்கடுத்து நீங்கள் உட்காரும் விதமும் போடும் கியரும்.

எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை. மிதிக்காமல் வண்டியை உருள விட்டுப் பாருங்கள். உருளும்போதே இழுக்கிறதா, மிதிக்கும்போது மட்டும் இழுக்கிறதா என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. உருளும்போதே இழுத்தால் கோளாறு டயர், பிரேக், சக்கர ஹப் (அச்சும் பேரிங்கும் உள்ள நடுப்பகுதி), இந்த மூன்றில்தான். உருள்வது நன்றாக இருந்து மிதிப்பது மட்டும் பாரமாக இருந்தால் செயின், பெடல் அச்சு (இரண்டு பெடல் கையையும் இணைத்து ஃபிரேமுக்குள் சுற்றும் அச்சு), கியர், சீட் பக்கம் போக வேண்டும்.

இதற்கு மெல்லிய இறக்கம் வேண்டும். செங்குத்தான இறக்கத்தில் வேகம் கூடிவிடும், அப்புறம் காற்றுத்தான் வண்டியை நிறுத்துமே தவிர டயர் இல்லை. மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் போகாத அளவு சரிவு போதும். கீழே சமதரை இருக்க வேண்டும். காற்றில்லாத விடியற்காலையில், செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் வருவதற்கு முன், ஒரு விளக்குக் கம்பத்தின் அடியில் நின்று, காலால் உந்தாமல் பிரேக்கை மட்டும் விடுங்கள். இரண்டு பெடலும் சம உயரத்தில், கை ஹேண்டிலின் கீழ் வளைவில், உடம்பு குனிந்தபடி. வண்டி எங்கே நிற்கிறதோ அங்கே சாக்பீஸால் கோடு போடுங்கள். மூன்று தடவை செய்யுங்கள். அப்புறம் நண்பரின் வண்டியை வாங்கி அதே ஆள், அதே சட்டை, அதே குனிவில் மூன்று தடவை. இரண்டு பேர் ஆளுக்கொரு வண்டியில் ஒப்பிட்டுப் பார்ப்பதில் அர்த்தமில்லை, கனமான ஆள் எப்போதும் தூரம் போவார். இந்தக் கோடுகளை அழிக்காமல் வையுங்கள். இனி செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் பிறகு, ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்துவிட்டு, இங்கே வந்து உருட்டிப் பார்க்க வேண்டும்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், எதற்கு எவ்வளவு மதிப்பு என்று புரியும். ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ, சமதரை, வேகம் 25 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காற்றைக் கிழிக்க மட்டும் 70 முதல் 80 வாட் போகும். நல்ல டயர் இரண்டும் சேர்ந்து 22 வாட் தின்னும், மட்டமான டயர் 44 வாட் தின்னும். இரண்டு ஹப்பின் பேரிங்கும் ஒழுங்காக இருந்தால் ஒன்றிரண்டு வாட்டோடு சரி. 100 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறும் சாலை மட்டும் தனியாக 54 வாட் கேட்கும். அந்த ஏற்றம் கண்ணுக்கே தெரியாது. அதிலும் செம்பனை வரிசைகளுக்கு நடுவே அடிவானம் மறைந்திருக்கும், சமதரை என்று நினைத்து ஏறிக்கொண்டிருப்போம். அதனால் எந்தச் சாலையையும் போக, வர இரண்டு பக்கமும் ஓட்டிப் பார்த்த பிறகே வண்டியைத் திட்டுங்கள். ஃபிரேம் 2 கிலோ அதிகம் என்பதும் பெரிய விஷயமில்லை, அந்த ஏற்றத்தில் அது கேட்பது ஒன்றரை வாட்டுக்கும் குறைவு.

இப்போது டயர். பெருவிரலால் அழுத்திப் பார்த்து "கல்லு மாதிரி இருக்கு" என்பவர்கள்தான் அதிகம். காற்றழுத்தம் 40 பிஎஸ்ஐயும் விரலுக்குக் கல்தான், 75 பிஎஸ்ஐயும் விரலுக்குக் கல்தான். பெட்ரோல் ஸ்டேஷனில் காற்றடிக்கிறவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. அங்கே இயந்திரம் கிலோபாஸ்கலில் காட்டும். கார்க் கணக்கில் 220 என்று விட்டுவிட்டு வந்தால் அது வெறும் 32 பிஎஸ்ஐ. உங்கள் 27 x 1¼ டயருக்குக் கிட்டத்தட்ட 480 கிலோபாஸ்கல், அதாவது 70 பிஎஸ்ஐ வேண்டும். வால்வு மெல்லிய பிரெஸ்டா வகையாக இருந்தால் அந்தக் குழாய் மாட்டவே மாட்டாது, சின்னப் பித்தளை அடாப்டர் போட வேண்டும். அதைவிட, மீட்டர் வைத்த, தரையில் நிறுத்தி அடிக்கும் பம்ப் ஒன்று வாங்கிவிடுங்கள். இந்த வண்டிக்கு முதலில் செலவு செய்ய வேண்டிய பொருள் அதுதான்.

65 முதல் 70 கிலோ எடையுள்ளவருக்குப் பின்னால் 70, முன்னால் 65 பிஎஸ்ஐ என்று தொடங்குங்கள். தார் பெயர்ந்த தோட்டச் சாலையில் 5 குறைத்தால் இன்னும் நன்றாக ஓடும். கெட்டியாக அடித்தால் வேகம் என்பது வழவழப்பான சாலைக்கு மட்டும். சொரசொரப்பில் கல் டயர் ஒவ்வொரு பொடிக் கல்லுக்கும் ஆளையே தூக்கிப் போடும், அந்தத் தூக்கலுக்கான சக்தி உங்கள் காலில் இருந்துதான் போகிறது. இன்னொன்று, ரிம்மின் உள்விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். உள்பக்கம் சின்னக் கொக்கி மாதிரி மடிப்பு இருந்தால் நல்லது. மொழுமொழுவென்று நேராக இருந்தால் அது பழைய கொக்கியில்லாத ரிம், 70 பிஎஸ்ஐக்கு மேல் போகாதீர்கள், டயர் பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

காற்று சரியாக இருந்தும் இழுத்தால் டயரின் உடம்பைப் பார்க்க வேண்டும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ரப்பரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. பக்கத்துக் கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் மரம் ஒன்றை இன்றும் காட்டுவார்கள், அந்தக் காலத்தில் இருந்தே இந்த வட்டாரத்துக்கு வெயிலும் எண்ணெயும் ரப்பரை என்ன செய்யும் என்று தெரியும். பின்கட்டில் கிடந்த டயரின் பக்கச்சுவரில் நுண்ணிய வெடிப்புகள் ஓடியிருக்கும், ரப்பர் கட்டை போல விறைத்திருக்கும். உருளும் டயர் தரையில் படும் இடத்தில் தட்டையாகி மறுபடி எழுகிறது, ஒவ்வொரு சுற்றிலும். இளகிய டயர் வாங்கிய சக்தியைத் திருப்பித் தரும், விறைத்தது சூடாக்கி வீணாக்கும். காற்றை இறக்கிவிட்டுப் பக்கச்சுவரை இரண்டு விரலால் கிள்ளி மடியுங்கள். துணி மாதிரி மடிந்தால் நல்ல டயர், பெல்ட்டு மாதிரி எதிர்த்தால் மாற்ற வேண்டியது. கடையில் கேட்கும்போது இழை எண்ணிக்கையைப் பாருங்கள்: அங்குலத்துக்கு 22, 27 இழை என்பது மலிவுச் சரக்கு, 60க்கு மேல் தேவலாம், 120 என்றால் வித்தியாசம் காலுக்கே தெரியும். முள்ளுக்குப் பயந்து உள்ளே தடித்த பட்டை வைத்த டயரைப் போட்டால் பஞ்சர் குறையும், வண்டி மறுபடி மாட்டுவண்டியாகும். எது வேண்டும் என்பது நீங்கள் போகும் சாலையைப் பொறுத்தது. பால் மரத்து லேட்டக்ஸிலேயே செய்த மெல்லிய டியூப் இன்னும் இளகி ஓடும். ஆனால் காற்று ஒரே இரவில் இறங்கிவிடும், தினமும் பம்பைத் தூக்க வேண்டும்.

டயர் வாங்கும்போது கவனம், 27 அங்குலமும் 700சியும் ஒன்றல்ல. 27க்கு ரிம் விட்டம் 630 மில்லிமீட்டர், 700சிக்கு 622. கடைக்காரத் தவுக்கே "சேம் சைஸ்தான்" என்று சொல்லிக் கொடுத்தாலும் டயரின் பக்கத்தில் அச்சடித்த எண்ணைப் படித்துவிட்டு வாங்குங்கள். 27இல் நல்ல டயர் தேர்வு குறைவு. அதனால் சிலர் 700சி சக்கரமே மாற்றிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் பிரேக் ரப்பர் 4 மில்லிமீட்டர் கீழே இறங்க வேண்டும், பிரேக் கையில் உள்ள நீள்துளையில் அந்த இடம் மிச்சம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய 6 அடுக்குப் பின் ஹப்பின் அகலமும் பெரும்பாலும் 126, புதியது 130. எஃகு ஃபிரேம் அந்த 4 மில்லிமீட்டருக்கு விரிந்து கொடுக்கும், அலுமினியத்தில் அந்த வேலை கூடாது.

பிரேக்குக்கு வருவோம். ஈரக்காற்றில் கம்பி துருப்பிடித்து உறைக்குள் சிக்கிக்கொள்ளும். லீவரை விட்டாலும் பிரேக் முழுசாகத் திறக்காது. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் "ஸ்ஸ்" என்று மெல்லிய சத்தம் வரும். கம்பியையும் உறையையும் சேர்த்து மாற்றுங்கள், உறையை விட்டுக் கம்பியை மட்டும் மாற்றுவது அரைவேலை. ரப்பருக்கும் ரிம்முக்கும் இரண்டு பக்கமும் ஒன்றரை முதல் 2 மில்லிமீட்டர். ரிம்மில் பெண்டு இருந்தால் முதலில் அதை எடுக்க வேண்டும். ஸ்போக்குகளை விரலால் மீட்டிப் பாருங்கள், ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறத்தாழ ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். தொங்கலான கம்பிகள் இருந்தால் சக்கரம் தூக்கிப் பார்க்கும்போது உரசாது, ஆள் ஏறி அழுத்தி மிதிக்கும்போது உரசும். அதே மாதிரி பின்சக்கரம் சரியாக இறுக்கப்படாமல் இருந்தால், செயின் இழுக்கும் வேகத்தில் அச்சு வலப்பக்கம் முன்னால் நகர்ந்து டயர் ஃபிரேமைத் தொடும். ஃபிரேமின் உள்பக்கம் பெயிண்ட் தேய்ந்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வண்டியில் டைனமோ, மட்கார்டு மாட்டியிருந்தால் அதையும் பாருங்கள். டைனமோ சாய்ந்து டயரைத் தொட்டுக்கொண்டே இருந்த வண்டிக்குப் பேரிங் மாற்றிய கதைகள் உண்டு.

ஹப்பைச் சோதிக்கச் சக்கரத்தைக் காற்றில் சுற்றிவிட்டு எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று எண்ணுவது வீண். பாரம் இல்லாமல் சுற்றுவதும் 80 கிலோவைச் சுமந்து சுற்றுவதும் வேறு. கிரீஸ் வறண்டு போன ஹப் காற்றில் நெடுநேரம் சுற்றும், புது கிரீஸ் போட்டது சீக்கிரம் நிற்கும். சக்கரத்தைக் கழற்றி, அச்சை இரண்டு விரலால் மெல்லத் திருப்புங்கள். வெண்ணெயில் திருப்புவது போல் இருந்தால் தொடாதீர்கள். மணல் அரைத்தாலோ, ஒவ்வொரு இடத்தில் தடுக்கித் தடுக்கி நின்றாலோ ஓவராயில் செய்ய வேண்டும்.

முன் ஹப்புக்குப் பெரும்பாலும் 13, பின்னதுக்கு 15 எண் மெல்லிய கோன் ஸ்பேனர் (கோன் என்பது அச்சில் மரையோடு ஏறி, பேரிங் குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் கூம்பு). உள்ளே முன் ஹப்பில் ஒவ்வொரு பக்கத்துக்கும் 10 பால்ரஸ் குண்டு, 3/16 அங்குலம். பின் ஹப்பில் ஒவ்வொரு பக்கத்துக்கும் 9 குண்டு, 1/4 அங்குலம். கம்பக்னோலோ மாதிரி இத்தாலி ஹப்பில் முன்னால் 7/32 வரும், அதனால் பழைய குண்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய் அளந்து வாங்குங்கள். எல்லாவற்றையும் ஒரே பாக்கெட்டில் இருந்து மாற்றுங்கள், பழசையும் புதுசையும் கலந்தால் பெரிய குண்டு மட்டும் பாரம் தாங்கி உடையும். கோனில் குண்டு ஓடிய தடம் பளபளப்பாக இருந்தால் சரி, அம்மைத் தழும்பு மாதிரி குழிந்திருந்தால் கோனை மாற்ற வேண்டும்.

பூட்டும்போதுதான் பலர் தவறுகிறார்கள். கையில் வைத்து ஆட்டம் துளியும் இல்லாமல் கோனை இறுக்கிவிடுவார்கள். சக்கரத்தை ஃபிரேமோடு இறுக்கும் குயிக் ரிலீஸ் லீவரை மடக்கியதும் அது அச்சையே ஒரு மயிரிழை அமுக்கும், கோன் இன்னும் உள்ளே போகும், ஹப் கடித்துக்கொள்ளும். அதனால் கையில் இருக்கும்போது மிகச் சின்ன ஆட்டம் விட்டு வையுங்கள். ஃபிரேமில் மாட்டி லீவரை மடக்கிய பின் ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் அந்த ஆட்டம் மறைந்திருக்க வேண்டும். மறையாவிட்டால் கோனை எட்டில் ஒரு பங்கு திருப்பி மறுபடி. மூன்று நான்கு தடவை கழற்றி மாட்ட நேரிடும், அலுத்துக்கொள்ளாதீர்கள்.

பின் அச்சை வெளியே எடுத்த கையோடு கண்ணாடி மேல் உருட்டுங்கள். உங்கள் வண்டி மாதிரி அந்தக் கால ஹப்புகளில் வலப்பக்கப் பேரிங் ஃப்ரீவீலுக்கு (பின் பல்சக்கரக் கட்டுக்கு) உள்ளே தள்ளி இருக்கும், அதற்கு வெளியே அச்சு நீளமாக, தாங்கல் இல்லாமல் நிற்கும். பள்ளங்களில் குதித்துக் குதித்து அது வளையும், உடையவும் உடையும். உடைந்த பின்னும் குயிக் ரிலீஸ் கம்பி இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும், வண்டி ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் சக்கரம் சாய்ந்து சாய்ந்து பிரேக்கை உரசும். கோளாறு புரியாமல் மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு. ஃப்ரீவீலைக் கழற்ற அதன் பல்லுக்குப் பொருந்தும் டூல் வேண்டும். டூலைக் குயிக் ரிலீஸ் நட்டால் லேசாக அழுத்திப் பிடித்து, பெரிய ஸ்பேனரால் இடப்பக்கமாகத் திருப்புங்கள். கால்வாசி சுற்று இளகியதும் நட்டைத் தளர்த்திவிட வேண்டும், இல்லையென்றால் அதுவே தடுத்து நிற்கும்.

மிதிப்பதை நிறுத்தியதும் மேல்பக்கச் செயின் தொய்ந்து தொங்கினால் ஃப்ரீவீலின் உள்ளே பழைய கிரீஸ் பிசினாகி ஒட்டியிருக்கிறது. முன்பக்க விளிம்பின் இடைவெளியில் மண்ணெண்ணெய் விட்டுச் சுற்றி, அழுக்கு ஓடிய பின் மெல்லிய எண்ணெய் விடுங்கள். ஃப்ரீவீலைப் பிரிக்க வேண்டாம்.

இனி மிதிக்கும் பக்கம். செயினைக் கீழே இறக்கிவிட்டுப் பெடல் கையை மட்டும் சுற்றுங்கள். இங்கேதான் மழைத் தண்ணீர் சேரும், சீட் குழாய் வழியாக இறங்கி நேராகப் பெடல் அச்சில் நிற்கும். திறந்தால் கிரீஸ் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் வரும். பக்கத்துக்கு 11 குண்டு, 1/4 அங்குலம். ஜப்பான் வண்டியில் வலப்பக்கக் கப்புக்கு மரை தலைகீழ், வலப்பக்கம் திருப்பினால் கழலும். தெரியாமல் எதிர்ப்பக்கம் பலம் போட்டு மரையை நாசமாக்கிவிடாதீர்கள். அது கழலவில்லை என்றால் விட்டுவிட்டு, இடப்பக்கக் கப்பை மட்டும் எடுத்து, விரலை உள்ளே விட்டுத் துடைத்துக் கிரீஸ் வைக்கலாம்.

செயினுக்கு ஸ்கேல் போதும். செயின் கண்ணிகளை இணைக்கும் ஊசி ஒன்றின் நடுவில் பூஜ்யத்தை வைத்தால், அதற்கு அடுத்ததில் இருந்து எண்ணி 24வது ஊசி சரியாக 12 அங்குலத்தில் வர வேண்டும். 1/16 அங்குலம் தாண்டினால் செயினை மாற்றுங்கள், 1/8 தாண்டினால் பல்சக்கரமும் போயிருக்கும். செம்மண் தூசியும் எண்ணெயும் சேர்ந்தால் அரைக்கும் பசை. நீங்கள் ஏற்கனவே "எண்ணெய் போட்டேன்" என்கிறீர்கள், எதைப் போட்டீர்கள் என்று சொல்லவில்லை. சமையல் எண்ணெய் என்றால் அது காய்ந்து பிசினாகும், மோட்டார் செயினுக்கு அடிக்கும் கெட்டி கிரீஸ் என்றால் தூசியை வாரிக்கொள்ளும். மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாக உலரவிட்டு, ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு வீதம் செயின் எண்ணெய் விட்டு, பத்து நிமிடம் கழித்து வெளியே இருப்பதைத் துணியால் துடைத்து எடுத்துவிடுங்கள். பின் கியரில் உள்ள இரண்டு சின்ன உருளைகளையும் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், பலர் அதை மறந்துவிடுவார்கள். அந்தக் காலக் கியர் லீவரில் "டக்" என்று நிற்கும் படி கிடையாது, செயின் இரண்டு பல்சக்கரத்துக்கு நடுவே நின்று கரகரக்கும். சத்தம் அடங்கும் வரை லீவரை மெல்ல நகர்த்தப் பழக வேண்டும்.

கியர் கணக்கு பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். இந்த வகை வண்டிக்கு முன்னால் 52, 42 பல் என்பது வழக்கம். 52ஐயும் பின்னால் 14ஐயும் போட்டால் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி 8 மீட்டர் போகும். 25 கிலோமீட்டர் வேகத்துக்கு நிமிடத்துக்கு 52 சுற்றுதான். ஒவ்வொரு மிதியும் படியேறுவது மாதிரி கனக்கும், "இழுக்குது" என்று தோன்றும். 42, 17 போட்டால் அதே வேகத்துக்கு 78 சுற்று, கால் லேசாகும். நண்பரின் புது வண்டியில் சின்னக் கியர் இருப்பதால் அவர் இதைத் தானாகவே செய்துகொண்டிருப்பார்.

சீட் தாழ்வாக இருந்தாலும் இதே கனம்தான். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதித்தால் முட்டி லேசாக மடங்கியிருக்கும். உயர்த்தும்போது தண்டில் உள்ள எல்லைக் கோடு வெளியே தெரியக் கூடாது. நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டை படபடக்க ஓட்டினால் மட்டமான டயர் தின்பதற்கு மேல் காற்று தின்னும்.

இவ்வளவுக்கும் பிறகு வண்டி நேராகப் போகாமல் இரண்டு பக்கமும் அலைந்தால், முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்பிப் பாருங்கள். நடுவில் வந்ததும் ஒரு பள்ளத்தில் விழுந்தது போல் நின்றால் ஹேண்டில் கப்பில் குண்டு குழி விழுந்திருக்கிறது, கப்பை மாற்ற வேண்டும். கடைசியாக ஃபிரேம். பின் அச்சு உட்காரும் வலது வாயில் நூலைக் கட்டி, ஹேண்டில் குழாயைச் சுற்றி, இடது வாயில் இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாயில் இருந்து இரண்டு பக்க நூலும் எவ்வளவு தள்ளி ஓடுகிறது என்று ஸ்கேலால் அளந்து பாருங்கள். 1 மில்லிமீட்டர் வித்தியாசத்துக்குக் கவலைப்பட வேண்டாம். 3க்கு மேல் இருந்தால் வண்டி எங்கோ மோதியிருக்கிறது, எஃகு ஃபிரேமை நிமிர்த்தத் தெரிந்த கடையில் காட்டுங்கள். அங்கே கொண்டுபோகும் முன் கீழ்க்குழாய் ஹேண்டிலோடு சேரும் இடத்தின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். பெயிண்ட் சுருங்கி மடிப்பு விழுந்திருந்தால் நிமிர்த்தச் சொல்லாதீர்கள், அந்தக் குழாய் ஒருமுறை மடங்கியிருக்கிறது.